அளவுக் காது

குளித்து, திருநீறு பூசி, வடலூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பிச் சொல்லவேண்டிய விஷயம் இது: இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் மந்தாரக்குப்பம் ஆட்டோ ஸ்டாண்டில் போய் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவர்களும் இதையேதான் சொல்வார்கள். என்ன, கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

வெண்மதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பகலில் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் லேடீஸ் டெய்லர். கச்சேரி இருக்கும் நாட்களில் ஜியாவுதீன் நடத்தும் இன்னிசைக் குழுவில் முதல் பாடகி.

அந்த 'முதல்' என்ற சொல்லுக்குத்தான் போன தை மாதம் ஆபத்து வந்தது. வடலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். டிரம்ஸ் அடித்த அடியில் வெண்மதிக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சுருதியைத் தேடிப் புறப்பட்டவள், பக்கத்து மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டாள். பக்கத்து மண்டபத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அங்கிருந்த மாப்பிள்ளை ஆள் அனுப்பிச் சால்வை கொடுத்தார். இந்த மண்டபத்து மாப்பிள்ளை மட்டும் சாப்பிடப் போய்விட்டார்.

ஜியாவுதீன் கோபக்காரர் கிடையாது. மறுநாள் கடைக்கே வந்து, தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"ஆயுதபூஜை வரைக்கும் பாக்கறேம்மா. எல்லாரும் பாடறது காதுக்குள்ளயே கேக்கற மாதிரி இயர்போனுக்கு மாறிட்டோம். நீயும் மாறிடு. அன்னைக்கும் சுருதி போச்சின்னா, சிதம்பரத்துப் பொண்ணு ஆசிஃபா முன்னால நிக்கட்டும். நீ கோரஸ்ல நில்லு."

"கோரஸா பாய்?"

"கோரஸும் பாட்டுதானம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

மாறிவிடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கடையில் விற்கும் எந்த இயர்போனும் வெண்மதியின் காதில் நிற்காது. ரப்பர் முனை சின்னது, நடுத்தரம், பெரியது என்று எதைப் போட்டாலும் பல்லவி வரைக்கும் காதில் இருக்கும். சரணத்தில் தோளுக்கு வந்துவிடும். அவள் காதுக்கென்றே அளவெடுத்துச் செய்தால்தான் உண்டு.

அந்த வேலையை அவள் கணவர் அறிவழகன் கையில் எடுத்துக்கொண்டார்.

அறிவழகன் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். பர்மனன்ட். இத்தனை வருஷம் பெல்ட் பக்கத்திலேயே நின்றதால், எதிரில் இருப்பவர் பெல்ட்டின் அந்த முனையில் இருப்பதாக நினைத்தே பேசுவார். க்வார்ட்டர்ஸ் கூடத்தில் உட்கார்ந்து மெதுவாக, "காபி கொண்டா" என்றால் பின்தெருவில் மூன்று வீட்டில் பால் அடுப்பேறும். அதில் ஒரு வீட்டுக்காரர்கள் காபியே குடிக்காதவர்கள்.

மாதக்கணக்கில் செல்போனைப் பார்த்துப் பார்த்து ஆராய்ச்சி செய்தார். இயர்போனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் சமையல்காரர்கள் மாதிரி எழுதினார்கள். ஒன்றில் பாஸ் கொழகொழவென்று இருக்கிறது. ஒன்றில் நடுக்குரல் வெதுவெதுப்பாக இருக்கிறது. இன்னொன்றில் மேல்ஸ்தாயி உப்புத் தூவினாற்போல இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து இதையெல்லாம் படிக்கும்போது அறிவழகனுக்குப் பசி எடுக்கும். ரெண்டு தோசை கூடுதலாகப் போகும். அந்த மாதங்களில் அவருக்குச் சட்டையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

"ஒரு காதுக்குள்ள மூணு டிரைவராம், மதி."

"டம்பர் லாரிக்கே ஷிப்டுக்கு ஒருத்தர்தான?"

"இது வேற, குட்டி ஸ்பீக்கர். பாஸுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு."

"சரி, போட்டுப் பாத்துட்டு வாங்கலாம்."

அங்கேதான் முட்டுக்கட்டை. போட்டுப் பார்க்க முடியாது. காதை அச்செடுத்து அனுப்பவேண்டும். அந்த அச்சில் வார்த்துச் செய்து அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். வந்த பிறகுதான் எப்படி இருக்கிறது என்று தெரியும். சரியில்லை என்றாலும் அது வேறு யார் காதுக்கும் ஆகாது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

"கேட்டுப் பாக்காம எப்பிடிங்க வாங்கறது?"

"கேட்டவங்கதான் எழுதி வச்சிருக்காங்களே."

"அது அவங்க காதுக்குக் கேட்டது. எதிர்வூட்டுக்காரி கட்டுனதப் பாத்துட்டு நான் பொடவ வாங்கற மாதிரி இல்ல இருக்குது?"

"நீ என்னா கூட வாழ்ந்து பாத்துட்டா என்னைக் கல்யாணம் கட்டிக்கின? போட்டோவப் பாத்துத்தான?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் வெண்மதி.

கடைசியில் மூன்று டிரைவர் உள்ளதே முடிவாயிற்று. வடலூரில் காது மெஷின் விற்கும் இடத்துக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு டாக்டரம்மா வருவார். அவர்தான் அச்செடுப்பவர். அறிவழகன் போனிலேயே நேரம் வாங்கிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை பார்த்து ஒரு கல்யாண வீட்டின் மொத்த ஜாக்கெட்டுகளும் வெண்மதியின் மிஷின் மேல் கிடந்தன. மறுநாள் முகூர்த்தம். பெண்ணின் அம்மா கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெண்மதி கடையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை. அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்தால் போதும். துபாயில் இருக்கும் பெண்ணுக்கு, மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் அவள் அக்காவின் ஜாக்கெட்டை வைத்தே தைத்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் அங்கே போய்க் கொஞ்சம் பருத்துவிட்டாளாம். ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, குறை ஜாக்கெட்டில் இருக்க வாய்ப்பில்லை என்று அவளே இளைத்துக்கொண்டாள். அவ்வளவு நம்பிக்கை.

ஆகவே வெண்மதி யோசிக்கவே இல்லை. வடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கும் தங்கை மலர்விழிக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பேருக்கும் அப்பா காதுதாண்டி. சின்ன வயசுல ஒரே ஜிமிக்கியத்தான மாத்தி மாத்திப் போட்டுக்கினோம்? நீ போயி அளவு குடுத்துட்டு வந்துடு. எம் பேரச் சொல்லிடு."

"காதுக்கெல்லாம் அளவு குடுக்கலாமாக்கா?"

"கழுத்துக்குக் குடுக்கறோம், கைக்குக் குடுக்கறோம். காதுக்கு என்னா? மாமாவுக்கு மட்டும் தெரிய வேணாம். ரொம்பப் பாடுபட்டிருக்காரு."

இதுவரை நடந்தது இவ்வளவு. இனி ஆயுதபூஜை.

பார்சல் முந்தின நாள் வந்து சேர்ந்தது. வெண்மதி கத்தரிக்கோலை எடுப்பதற்குள் அறிவழகன் அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு பூஜைல வச்சிட்டுத்தான் பிரிக்கணும். இதுவும் ஆயுதந்தான?"

"சாயந்தரம் கச்சேரிங்க. போட்டுப் பாக்க வேணாமா?"

"மூணு டிரைவர். என்னத்தப் போட்டுப் பாக்கறது?"

காலையில் கூடத்தில் பலகை போட்டார். தையல் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கத்தரிக்கோல், இஞ்ச் டேப், ஸ்கூட்டரின் ஸ்பேர் சாவி, தன்னுடைய ஹெல்மெட், மைன்ஸில் கொடுத்த மஞ்சள் நிறக் காதடைப்பான் எல்லாம் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில். நடுவில் இயர்போன் பெட்டி. ரிசீவருக்கென்று வாங்கிவந்த புது பேட்டரி இரண்டும் அதற்குப் பக்கத்தில். ரிசீவர் என்பது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. இயர்போன் ஒயரை அதில்தான் செருகவேண்டும். குழுவின் சவுண்டுக்காரர் ஃபாரூக், "பேட்டரி மட்டும் புதுசு போட்டுக்கங்கக்கா" என்று சொல்லி, உள்ளே பேட்டரி இல்லாமல் வெறும் பெட்டியாக அதை முன்பே கொடுத்திருந்தார். அது வெண்மதியின் கைப்பையில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து, மேலே இரண்டு கை நிறையச் சாமந்தியை உதிர்த்துப் போட்டார் அறிவழகன். சூடம் காட்டினார். பொரியும் பொட்டுக்கடலையும் வாயில் போட்டுக்கொண்டு, மைன்ஸில் பூசணிக்காய் உடைக்கும் நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

வாசலில் நின்று திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "பூஜைல வச்சத யாரும் தொடக்கூடாது. சாயந்தரம் நானே வந்து சூடம் காட்டி எடுத்துத் தர்றேன்."

தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் தங்கள் வீட்டுத் தாம்பாளத்திலிருந்து எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

அவர் வண்டி மூலை திரும்பியதும் மலர்விழி உள்ளே வந்தாள். அவள் எந்நேரமும் பேசிக்கொண்டே வருபவள். வார்த்தை முதலில் வரும், ஆள் பின்னால் வருவாள்.

"அக்கா, பஸ்ல என்னா கூட்டம், வாழக்கன்னு கட்டாத வண்டியே இல்ல. மாமா போயிட்டாரா? வா, பிரிச்சிப் பாத்துடலாம்."

"பூஜைல வச்சதுடி."

"சாமி ஒண்ணும் சொல்லாது. சாமிக்கு ஆறு காது, நாலு காதுன்னு இருக்கும். அதுக்குத் தெரியும் இந்தக் கஷ்டமெல்லாம்."

சாமந்தியைக் கலைக்காமல் பெட்டியை உருவி எடுத்தார்கள். உள்ளே நீலக் கண்ணாடிக்கல் மாதிரி இரண்டு உருண்டைகள். முறுக்கின முந்திரிப்பருப்பு வடிவம். வலது பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. வெண்மதி வலதை எடுத்துத் திருகிச் செருகினாள். பெட்டியின் மூடி மூடிக்கொள்வதுபோல 'பொத்'தென்று உட்கார்ந்தது. அந்தப் பக்கத்து உலகம் முழுக்க அணைந்துபோயிற்று.

"ஐயோ, எப்பிடி நிக்குதுடி!"

"நாந்தான் சொன்னேனே. அப்பா காது."

இடதை வைத்தாள். உட்கார்ந்தது. சிரித்தாள். சிரித்து முடித்து வாயை மூடினாள். இடது உருண்டை காதிலிருந்து குதித்து, தையல் மிஷினில் பட்டு, தரையில் உருண்டது.

மறுபடி வைத்தாள். வாயை மூடினாள். மறுபடி குதித்தது.

மலர்விழி அதை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். "எனக்கு நிக்குதே? பாரேன், பேசிக்கினே இருக்கறேன், நிக்குது. எவ்ளோ நேரம் வேணா நிக்கும். நேத்து எங்க ஓனரம்மா கூட..."

"ஒரு நிமிஷம் வாய மூடு."

மலர்விழி மூடினாள். அது அவளுக்குச் சிரமமான காரியம். இடது உருண்டை அவள் காதிலிருந்தும் குதித்தது.

வெண்மதி தங்கையை அளவு டேப்பால் அளப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். "அச்செடுக்கறப்ப என்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலக்கா. காதுல ரோஸ் கலர்ல பசை மாதிரி ஊத்துனாங்க. பல்லு நடுவுல ஒரு கட்டையக் குடுத்து, இதக் கடிச்சிக்கினு ஆடாம இருங்கன்னாங்க. வலது காதுக்கு அப்பிடியே இருந்தேன், சாமி சத்தியமா."

"எடது காதுக்கு?"

"எடது பக்கம் ஒரு அம்மா வந்து உக்காந்துச்சி. குறிஞ்சிப்பாடிக்காரம்மா. அது மருமவ பண்ண அநியாயத்தக் கேட்டா நீயே கட்டையத் துப்பிடுவ."

"துப்பிட்டியா?"

"துப்பிட்டு ரெண்டே ரெண்டு வார்த்தைதான் கேட்டேன்."

"பசை காயற வரைக்கும்?"

"அது சட்டுனு காஞ்சிடுச்சிக்கா. கதைதான் முடியல."

பேசுவதற்கு வாயை அகலத் திறந்தால் காதின் துவாரமும் கூடவே அகலும். வெண்மதி தன் விரலைக் காதில் வைத்து வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள், உள்ளே நகர்ந்தது. இடது அச்சு, வம்பு பேசும் வாயின் அச்சு. வாய் திறந்திருக்கும்வரை நிற்கும். மூடினால் பிதுங்கி வெளியே வரும்.

ஜாக்கெட்டாக இருந்தால் பிரித்து ஒரு நூல் விட்டுத் தைத்துவிடலாம். இது கல் மாதிரி இருந்தது. வெண்மதி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிரிக்கத் தையல் தேடுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமாகிட்ட சொல்லிடலாமாக்கா?"

"எத்தன மாசம் ஒக்காந்து பாத்தாரு தெரியுமா? அளவு மாத்திக் குடுத்தேன்னு தெரிஞ்சா பேசவே மாட்டாரு."

"அவுரு பேசாம இருந்தா தெருவே நல்லாத் தூங்குமே."

வெண்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் மேடையின் பின்வரிசை தெரிந்தது. கோரஸ்காரிகளுக்கு ஒரே நிறத்தில் புடவை. மூன்று பேருக்கு ஒரு மைக். முன்னால் நிற்பவளின் பின்னல்தான் கச்சேரி முழுக்கப் பார்க்கக் கிடைப்பது. அந்தப் புடவைக்கு ஜாக்கெட் தைப்பவளும் அவளேதான். அந்த வரிசைக்கு எந்தக் கழுத்து வைக்கிறார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"அப்ப ஒண்ணு பண்ணு" என்றாள் மலர்விழி. "கச்சேரி முடியற வரைக்கும் வாய மூடாத. நான் எத்தன வருஷமா இருக்கறேன்? ஒண்ணும் ஆகல."

இதைவிட நல்ல யோசனை அன்று அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை. பெட்டியைச் சாமந்திக்குள் பழையபடி செருகினார்கள். கலைந்த குங்குமத்தைத் திரும்ப வைத்தார்கள்.

அறிவழகன் சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, சூடம் காட்டி, பூவுக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றி மனைவி கையில் கொடுத்தார். மற்றதைத் தொடவில்லை. மற்றதெல்லாம் மறுநாள் காலைதான்.

ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேடையில் ஜியாவுதீன் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் ஆசிஃபா. சிதம்பரத்திலிருந்து அவரே வரவழைத்திருந்தார். நல்ல பெண். வெண்மதியைப் பார்த்ததும் எழுந்து, "சலாம் அக்கா" என்று சிரித்தது. வெண்மதியும் வாயைத் திறந்து சிரித்தாள். மூட மறந்தவள் மாதிரி அப்படியே மேடை ஏறினாள்.

ஒத்திகை பார்க்க நேரமில்லை. ஜெனரேட்டர் அப்போதுதான் வந்து இறங்கியது. ஃபாரூக் ஓடிவந்து ரிசீவரை அவள் இடுப்பில் மாட்டி ஒயரைச் செருகினார். புடவை முந்தானை அதை மூடிக்கொண்டது.

"பேட்டரி புதுசுதானக்கா?"

"அதெல்லாம் அவுருதான் பாத்துக்கினாரு."

"அறிவு அண்ணன் பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார் ஃபாரூக். அதற்குள் ஸ்டாண்டு தலைவர் பன்னீர்செல்வம், மேடை விளக்கு தன் முகத்தில் விழவில்லை என்று கூப்பிட்டார். ஃபாரூக் போய்விட்டார்.

இரண்டையும் காதில் பொருத்தியதும் மந்தாரக்குப்பம் காணாமல் போனது. ஜெனரேட்டர் இல்லை, ஹாரன் இல்லை. வெண்மதிக்குத் தன் இதயம் அடிப்பது கேட்டது. கண்ணை இமைத்தால் அந்தச் சத்தம் கேட்டது. துணியை உதறுவது மாதிரி. மத்தியானம் சாப்பிட்ட சாம்பார் போய்க்கொண்டிருக்கும் வழிகூடக் கேட்டது.

ஜியாவுதீன் தலையை அசைத்தார். பிள்ளையார் பாட்டு.

வெண்மதி வாயைத் திறந்தாள். குரல் மண்டைக்குள்ளேயே மணி அடித்ததுபோல எழுந்தது. இத்தனை வருஷம் பாடியும் அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. எங்கே ஏறுகிறது, எங்கே ஒரு நூல் இறங்குகிறது என்று ஊசிமுனை அளவுக்குத் தெரிந்தது. 'குரல் முன்னால் வந்து நிற்கும்' என்று அறிவழகன் படித்துக் காட்டியிருந்தார். அது இதுதான் போலிருக்கிறது. மற்ற வாத்தியங்கள் ரொம்பப் பின்னால், இடது பக்கம் மட்டும், அடுத்த தெருக் கச்சேரி மாதிரி மெல்லியதாக வந்தன. 'அடக்கமான பின்னணி' என்பதும் சரியாக இருந்தது.

சுருதி ஒரு நூல் பிசகவில்லை.

சிரமம் பாட்டில் இல்லை, பாட்டுக்கு நடுவில்தான். வாயை மூடினால் இடது உருண்டை கிளம்பும். ஆகவே இடையிசை வரும் இடமெல்லாம் திறந்த வாயை வீணாக்காமல் ஹம்மிங் செய்தாள். ஜியாவுதீன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, கீபோர்டைத் தாழ்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

நடுவில் பன்னீர்செல்வம் மைக்கைப் பிடித்தார். தலைவர் உரை. வெண்மதி பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். தன் பேச்சை இப்படி வாய்பிளந்து கேட்கும் மனுஷியை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. நன்றி சொல்லி முடிக்கப்போனவர், அவள் முகத்தைப் பார்த்து மனம் மாறி, ஸ்டாண்டு தொடங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தார். ஒரு கொசு வெண்மதியின் வாய்க்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. அவள் அசையவில்லை.

கூட்டத்தில் மலர்விழி மாமாவின் காதில் சொன்னாள்: "அக்கா எப்பிடி நிக்குது பாரு மாமா."

"மூணு டிரைவர்" என்றார் அறிவழகன் ரகசியமாக. மேடையில் பன்னீர்செல்வம் பேச்சை நிறுத்தி, எந்த மூன்று டிரைவரைச் சொல்கிறீர்கள், எல்லோரையும்தான் கௌரவிக்கப் போகிறோம் என்றார்.

கடைசிப் பாட்டில் ஆட்டோக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். எழவே முடியாத கணுக்கால் வலிக்காரர் ஒருவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கச்சேரி முடிந்ததும் வெண்மதி முதல் வேலையாக வாயை மூடினாள். இடது உருண்டை அவள் உள்ளங்கையில் விழுந்தது. தாடை, கட்டை மாதிரி விறைத்திருந்தது.

ஆசிஃபா மேடைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, இனிமே நான் கோரஸ்ல நின்னாப் போதும். இது எந்த எடத்துல செஞ்சது?"

ஜியாவுதீன் கீபோர்டைத் துணியால் மூடிவிட்டு வந்தார். சொல்ல வேண்டியதை இப்போதும் டீ குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"உன்னோட எடம் உன்னோடதும்மா. நான் அன்னைக்குச் சொன்னத மறந்துடு."

வெண்மதிக்குக் கண் கலங்கியது. பதில் சொல்ல வாயைத் திறக்கத் தாடை ஒத்துழைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"எல்லாருக்கும் இதே மாதிரி செஞ்சிடலாம்" என்றார் ஜியாவுதீன். "வர்ற வியாழக்கிழம மொத்தக் குழுவையும் வடலூருக்குக் கூட்டிக்கினு போறேன். நீ முன்னால வாம்மா. அந்த டாக்டரம்மாவுக்கு ஒன்னத்தான தெரியும்?"

மலர்விழிக்குப் பொரி புரையேறியது. அவள் பேச்சு நின்றதை அன்றுதான் வடலூரும் மந்தாரக்குப்பமும் முதல்முறையாகப் பார்த்தன.

"நானும் லீவு போட்டுட்டு வர்றேன் பாய்" என்றார் அறிவழகன். "அவங்களப் பாத்து ஒரு நன்றி சொல்லணும்."

அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று இருவருக்கும் தெரியும். அதுவும் அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது அறிவழகன் கேட்டார்: "நடுக்குரல் எப்பிடி இருந்துச்சு?"

"வெதுவெதுன்னு இருந்துச்சுங்க" என்றாள் வெண்மதி, முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு.

"எழுதியிருந்தாங்களே! மேல?"

"உப்புத் தூவின மாதிரி."

அவர் சந்தோஷத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டவுன்ஷிப் அன்று சீக்கிரமே தூங்கிவிட்டது.

வீட்டில் விளக்கைப் போட்டார்கள். தாம்பாளத்தில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், சாமந்திக்கு அடியில், குங்குமம் வைத்த புது பேட்டரி இரண்டும் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தன.